வணிகத் தரவு நிலையமும் பிளேடு சர்வரும்

சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு



இசையும் நாடகமும் இலக்கியமும் மணக்கின்ற இவ்விழாவிலே, இயந்திரங்களைப் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் என்னைப் பணித்திருக்கின்றனர். இத்தலைப்பு விழாவுக்குப் பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். மும்பை மாநகருக்கு நம் முன்னோர் வந்தது எதன் பொருட்டு? சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் பணியாற்றி, பிறர் நம்பி ஒப்படைத்த ஏடுகளைப் பிழையின்றிக் காத்தமையால் அன்றோ இந்நகரில் தமிழருக்கு நற்பெயர் நிலைத்தது! அந்தப் பேரேடுகள் இன்று தாளில் இல்லை. தானே–பேலாப்பூர் சாலையோரம் ஐரோலியிலும் ரபாளேயிலும் மகாபேயிலும் எழுந்து நிற்கும் தரவு நிலையங்களின் உள்ளே, இரும்பு அடுக்குகளில் பொருத்திய கணிப்பொறிகளில் அவை உறைகின்றன. அவற்றைக் காக்கும் பணியில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவற்றை வாங்குவதற்குக் கையெழுத்திடும் பெரியோர் சிலரும் இவ்வரங்கில் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் இது நம் வீட்டுச் செய்தியே ஆகும்.

நான் கூற விரும்புவது ஒரே கருத்துத்தான். பல இயந்திரங்களின் வேலையைச் சிலவற்றில் சேர்த்து வைப்பதால் சிக்கனம் பிறக்கிறது. ஆனால் அதே சேர்க்கையால் இடரும் ஓரிடத்தில் திரள்கிறது. சிக்கனத்தில் ஒரு பங்கைக் காப்புக்கென ஒதுக்கி வைக்கும் நிறுவனமே இக்கருவிகளால் உண்மையான பயன் பெறும். இதனை விளக்க, முதலில் பழைய முறையைக் காண்போம்.

தனித்தனி இயந்திரமும் தூங்கும் ஆற்றலும்

ஒரு வணிக நிறுவனத்தில் கணக்குக்கு ஒன்று, சம்பளப் பட்டிக்கு ஒன்று, கிடங்கு இருப்புக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என ஒவ்வொரு பணிக்கும் ஒரு சர்வர் வாங்கி வைப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. ஒரே இயந்திரத்தில் இரு மென்பொருள்களை ஓட்டினால், ஒன்றின் கோளாறு மற்றொன்றையும் சாய்த்துவிடும். ஒன்று கேட்கும் இயக்க அமைப்பு மற்றொன்றுக்கு ஒவ்வாது. எனவே தனித்தனியே வைத்தனர். விளைவு என்ன? சம்பளப் பட்டி இயந்திரம் மாதத்தில் இரண்டு நாள் உழைத்து, எஞ்சிய நாட்களில் உறங்கும். இத்தகைய சர்வர்களின் ஆற்றலில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கே பயன்படுவது இத்துறையினர் பலரும் கண்ட உண்மை. உறங்கினாலும் அது மின்சாரம் உண்ணும், வெப்பத்தை உமிழும், அவ்வெப்பத்தை வெளியேற்ற மேலும் மின்சாரம் செலவாகும்.

ஓர் இயந்திரம், பல உருவம்

இக்குறைக்குத் தீர்வு புதிதன்று. 1960களிலேயே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தார், ஒரு பெரிய கணிப்பொறியைப் பல கணிப்பொறிகள் போலத் தோன்றச் செய்யும் வழியைக் கண்டனர். 1972ஆம் ஆண்டில் வி.எம்./370 என்னும் பெயரில் அது வணிகத்துக்கு வந்தது. எத்தகைய கணிப்பொறியை இவ்வாறு பகுக்க இயலும் என்பதற்கான இலக்கணத்தை 1974ஆம் ஆண்டில் போபெக், கோல்டுபர்க் என்னும் இரு அறிஞர்கள் வகுத்துக் கூறினர்.

இம்முறையில் இயந்திரத்துக்கும் இயக்க அமைப்புக்கும் இடையே 'ஹைப்பர்வைசர்' என்னும் மென்பொருள் அமர்கிறது. வீட்டு உரிமையாளர் ஒரு பெரிய கூடத்தைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு விடுவது போல, அது செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் பகுத்து அளிக்கிறது. ஒவ்வொரு குடித்தனமும் தன்னைத் தனி வீடு என்றே எண்ணிக்கொள்கிறது. அதனையே மெய்நிகர் இயந்திரம் என்கிறோம்.

நம் அலுவலகங்களில் பரவிய எக்ஸ்86 வகைச் செயலிகள் இவ்விலக்கணத்துக்கு எளிதில் அடங்கவில்லை. காவலாளியின் கண்ணில் படாமலே உள்ளே நுழைந்துவிடும் சில ஆணைகள் அவற்றில் இருந்தன. 1998ஆம் ஆண்டில் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம், அவ்வாணைகளை ஓட்டத்தின்போதே மாற்றி எழுதும் உத்தியால் இத்தடையைக் கடந்தது. 2003ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஜென்' வெளிவந்தது. 2005ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனமும் 2006ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனமும் செயலியிலேயே இதற்கான வசதியை அமைத்தன. 2007ஆம் ஆண்டில் கே.வி.எம். என்பது லினக்ஸ் கருவுடன் இணைந்தது. இன்று மேகக் கணிமை என்று நாம் வாடகைக்கு எடுப்பதும் அடிப்படையில் இதே வித்தைதான்.

இங்கே ஒரு நுட்பத்தை மனத்திற் கொள்ளல் வேண்டும். செயலியின் நேரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒருவர் உறங்கும்போது மற்றவர் பயன்படுத்துவர். நினைவகம் அத்தகையது அன்று. ஒருவர் வைத்திருக்கும் இடத்தை மற்றவருக்கு அத்துணை எளிதில் தர இயலாது. ஆதலின் ஓர் இயந்திரத்தில் எத்தனை குடித்தனம் வைக்கலாம் என்பதைப் பெரும்பாலும் நினைவகமே முடிவு செய்கிறது.

பிளேடு சர்வரின் அமைப்பு

தரவு நிலையத்தின் 'ரேக்' என்னும் இரும்பு அடுக்கு 19 அங்குல அகலம் உடையது. அதன் உயரத்தை 'யூ' என்னும் அளவால் குறிப்பர். ஒரு யூ என்பது 1.75 அங்குலம். பொதுவாக ஒரு ரேக்கில் 42 யூ இருக்கும். ஒரு யூ உயரமுள்ள தட்டைச் சர்வர்களை அடுக்கினால் 42 வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்துக்கு இரண்டு, வலையமைப்புக்கு இரண்டு, சேமிப்பகத்துக்கு இரண்டு, மேலாண்மைக்கு ஒன்று என ஏழு வடங்கள் தேவை எனக் கொண்டால், ரேக்கின் பின்புறத்தில் 294 வடங்கள் தொங்கும். அவற்றுள் பழுதான ஒன்றைத் தேடுவோர் படும் பாடு சொல்லி முடியாது.

பிளேடு சர்வர் என்பது உறையைக் களைந்த சர்வர். செயலியும் நினைவகமும் தாங்கிய பலகை மட்டுமே அது. அதற்கென மின்விசிறி இல்லை. பவர் சப்ளையும் இல்லை. இவை யாவும் 'சேஸிஸ்' என்னும் பொதுப் பெட்டியில் உள்ளன. பலகையைப் பெட்டியின் முன்புறமாகச் செருகினால், நடுவே உள்ள இணைப்புப் பலகையின் வழியாக மின்சாரமும் வலையமைப்பும் தாமே கிடைத்துவிடும். நம் மும்பைச் சால் குடியிருப்பை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை. தண்ணீர்த் தொட்டியும் மாடிப்படியும் நடைக்கூடமும் அனைவருக்கும் பொது. பிளேடு சேஸிஸும் அத்தகையதே.

2001ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரத்து ஆர்.எல்.எக்ஸ். நிறுவனம், 3 யூ உயரத்தில் 24 பிளேடுகளை அடக்கிக் காட்டியது. 2002ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 7 யூ உயரத்தில் 14 பிளேடுகளை அமைத்தது. 2006ஆம் ஆண்டில் ஹெச்.பி. நிறுவனத்தின் சி7000 என்னும் சேஸிஸ், 10 யூ உயரத்தில் 16 பிளேடுகளையும், அவற்றுக்குப் பொதுவாக 6 பவர் சப்ளைகளையும் 10 மின்விசிறிகளையும் ஏற்றது. 2009ஆம் ஆண்டில் சிஸ்கோ 6 யூ உயரத்தில் 8 பிளேடுகளோடு களத்தில் இறங்கியது. சி7000 பெட்டிகள் நான்கை ஒரு ரேக்கில் வைத்தால் 64 சர்வர்கள் அமைகின்றன. வடங்களோ சில பத்துகளாகச் சுருங்குகின்றன.

இவ்விரண்டு உத்திகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியமைக்குக் காரணம் உண்டு. மெய்நிகர் இயந்திரம் என்பது சேமிப்பகத்தில் உள்ள சில கோப்புகளும் நினைவகத்தில் உள்ள அதன் நிலையுமே. அக்கோப்புகளைப் பொதுச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டால், பிளேடு எதையும் சொந்தமாக வைத்திராத வெறும் உழைப்பாளி ஆகிவிடுகிறது. இப்பிளேடு போனால் அடுத்த பிளேடு. ஓடுகின்ற மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலே இடம் பெயர்க்கவும் இயலும். முதலில் அதன் நினைவகம் முழுவதும் புதிய பிளேடுக்குப் படி எடுக்கப்படும். அதற்குள் மாறிவிட்ட பக்கங்கள் மீண்டும் படி எடுக்கப்படும். எஞ்சியவை சிலவே ஆனவுடன் ஒரு நொடிப்பொழுது நிறுத்தி அவற்றையும் மாற்றிவிடுவர். வி.எம்.வேர் 2003ஆம் ஆண்டில் இவ்வசதியை வழங்கிய பின்னர், பழுது பார்ப்பதற்காக நள்ளிரவில் கணக்குப் பணியை நிறுத்திவைக்கும் தேவை பெரிதும் குறைந்தது.

ஆனால் ஒன்று: பிளேடு திடீரென இறந்துவிட்டால் இவ்வாறு இடம் பெயர்க்க நேரம் இராது. அதன்மேல் இருந்த மெய்நிகர் இயந்திரங்கள் யாவும் விழுந்து, வேறு பிளேடுகளில் புதிதாகத் தொடங்கும். சில நிமிடங்கள் பணி தடைப்படும். அப்படித் தொடங்குவதற்கு இடம் இருந்தால்தான் அதுவும் நடக்கும். இங்கேதான் கணக்கு வருகிறது.

ஒரு கணக்கு

பிவண்டியில் கிடங்கும் முலுண்டில் அலுவலகமும் உடைய ஒரு நிறுவனத்தைக் கற்பனையாகக் கொள்வோம். அதனிடம் 40 பழைய சர்வர்கள் உள்ளன; ஒன்று 300 வாட் உண்கிறது எனில் மொத்தம் 12 கிலோவாட். 40 மெய்நிகர் இயந்திரங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 32 ஜிகாபைட் நினைவகம் வேண்டும் எனில் மொத்தம் 1,280 ஜிகாபைட். ஒரு பிளேடில் 512 ஜிகாபைட் என வைத்துக்கொள்வோம்.

மூன்று பிளேடுகள் இருந்தால் 1,536 ஜிகாபைட் கிடைக்கும், வேலை நடந்துவிடும். "நாற்பதை மூன்றாக்கிவிட்டோம்!" என்று விற்பனையாளர் பெருமிதத்தோடு கூறுவார். ஆனால் அம்மூன்றில் ஒன்று விழுந்தால் எஞ்சுவது 1,024 ஜிகாபைட். பணிகள் சில எழுந்திரா. எனவே நான்கு வேண்டும். நான்கில் ஒன்று விழுந்தாலும் 1,536 எஞ்சும், அனைவரும் பிழைப்பர்.

அந்நான்கும் ஒரே சேஸிஸில் இருந்து, அந்த சேஸிஸே நின்றுபோனால்? ஒருவரும் பிழையார். இரண்டு சேஸிஸில் இரண்டு இரண்டாகப் பிரித்து வைத்தால், ஒன்று நின்றபோது மற்றதில் 1,024 ஜிகாபைட்தான் இருக்கும், அதுவும் போதாது. சேஸிஸ் இழப்பையும் தாங்க வேண்டுமாயின் மூன்று மூன்றாக ஆறு பிளேடுகள் வேண்டும். ஒரு பிளேடு 500 வாட் உண்டாலும் ஆறும் 3 கிலோவாட்டில் அடங்கும். காப்பைச் சேர்த்த பின்னும் சர்வர்களின் மின்செலவு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. மூன்றுக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாட்டை வீண் செலவென்று வெட்டிவிடும் நிறுவனமே பின்னர் வருந்துகிறது.

இக்கணக்கு இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. 16 பிளேடு கொள்ளும் பெட்டிகள் இரண்டை வாங்கி ஆறு பிளேடுகளை மட்டும் செருகி வைப்பது, ஆறு பேர் பயணம் செய்ய இரண்டு பேருந்துகளை அமர்த்துவது போன்றது. அந்நிறுவனத்துக்கு ஆறு சாதாரண ரேக் சர்வர்களே சாலும். பல பத்துப் பிளேடுகள் வேண்டிய வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கே சேஸிஸின் விலை கட்டுபடியாகும். மெய்நிகராக்கம் அனைவர்க்கும் ஏற்றது. பிளேடு அனைவர்க்கும் ஏற்றது அன்று.

வெப்பமும் எடையும்

பெரிய நிறுவனத்தார் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி வெப்பம். ஒரு ரேக்கில் 64 பிளேடுகள். ஒவ்வொன்றும் 400 வாட் எனில் 25.6 கிலோவாட். இருபத்தைந்து அறைச் சூடேற்றிகளை ஓர் அலமாரிக்குள் அடைத்தது போன்றது அது. ரேக் ஒன்றுக்கு நான்கைந்து கிலோவாட் எனத் திட்டமிட்டுக் கட்டிய பழைய கூடங்களில் இது நடவாது. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸுக்குள் இருத்தல் நலம் என்பது அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. குளிர்காற்று வரும் வழியையும் வெங்காற்று செல்லும் வழியையும் பிரித்துத் தடுக்காவிடில், எத்துணைக் குளிர்சாதனம் வைத்தாலும் பயனில்லை. மும்பையின் புழுக்கத்தில் குளிர்சாதனம் நின்றுவிட்டால், இத்தகைய ரேக் சில நிமிடங்களிலேயே தத்தளிக்கும். எனவே ஜெனரேட்டரின் காப்பு, சர்வருக்கு மட்டுமன்றிக் குளிர்சாதனத்துக்கும் வேண்டும்.

எடையையும் மறத்தலாகாது. நிறைத்த சி7000 ஒன்று 200 கிலோவைத் தாண்டும். நான்கு சேர்ந்தால் 800 கிலோவுக்கு மேல். தரை தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் பெட்டியை ஏற்றுதல் அறிவுடைமை ஆகாது.

பொதுவானவை எவை?

சால் குடியிருப்பில் மாடிப்படி இடிந்தால் எல்லாக் குடும்பங்களும் மேலேயே நின்றுவிடும். சேஸிஸில் மாடிப்படி எது? நடு இணைப்புப் பலகை, மேலாண்மைப் பகுதி, வலையமைப்பு இணைப்பகம், அவற்றை இயக்கும் ஃபர்ம்வேர் ஆகியவை. இவற்றுட் பல இரட்டையாக வைக்கப்படுகின்றன. நடுப்பலகை பழுதாதல் அரிது. ஆயினும் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது நேரும் ஒரு பிழை, பெட்டி முழுவதையும் ஒருசேரத் தாக்க வல்லது. ஆதலின் ஒரே பணியைச் செய்யும் இரு மெய்நிகர் இயந்திரங்கள் ஒரே சேஸிஸில் அமராதபடி ஹைப்பர்வைசரில் விதி எழுதி வைத்தல் வேண்டும். விதி இல்லையேல், அது தனக்கு வசதியான இடத்தில் இரண்டையும் அருகருகே அமர்த்திவிடும். இரட்டை வைத்தோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம்; இரண்டும் ஒரே படியை நம்பி நிற்கும்.

சேமிப்பகமும் அத்தகைய பொதுப்பொருளே. 2021 பிப்ரவரி 24 அன்று இந்நகரத்துத் தேசியப் பங்குச் சந்தையில் வணிகம் காலை 11.40 மணி முதல் மாலை 3.45 மணி வரை நின்றது. இரு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளும் தளர்ந்ததையும், அதனையொட்டிச் சேமிப்பக வலையமைப்பு செயலற்றதையும் சந்தையார் காரணமாகக் கூறினர். இணைப்பு இரண்டு இருப்பது மட்டும் போதாது. ஒன்றின் துன்பம் மற்றதைத் தொடாதவாறு அவை அமைய வேண்டும் என்பதே அந்நாள் தந்த படிப்பினை.

இயற்கையும் நமக்குப் பாடம் புகட்டியிருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க முடியாது. ஒரே வெள்ளத்தில் நனையும் இரு கட்டடங்களில் மூலத்தையும் படியையும் வைத்தல் காப்பு ஆகாது. அதற்காகவே பல நிறுவனங்கள் இரண்டாம் நிலையத்தைச் சென்னையிலோ ஹைதராபாத்திலோ வைக்கின்றன. ஆனால் 2015 டிசம்பரில் சென்னையும் வெள்ளத்தில் தவித்தது. ஆகவே எந்த ஊரும் தானே அரண் ஆகாது. ஒன்றற்கொன்று தொலைவில் உள்ள இரண்டும், அவற்றை மாற்றி இயக்கிப் பழகிய கைகளுமே அரண்.

பெட்டியும் உரிமமும்

ஒரு நிறுவனத்தின் சேஸிஸில் மற்றொரு நிறுவனத்தின் பிளேடு பொருந்தாது. பெட்டியை வாங்குவோர், பல ஆண்டுகளுக்கு ஒருவரிடமே பிளேடு வாங்க உறுதி கூறியவர் ஆகின்றனர். அதற்குள் எத்தனையோ மாறும். ஐ.பி.எம். தன் எக்ஸ்86 சர்வர் வணிகத்தை 2014ஆம் ஆண்டில் லெனோவோவுக்கு விற்றது, ஹெச்.பி. 2015ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வி.எம்.வேரை வாங்கியது, அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, ஆண்டுச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. உரிமக் கட்டணம் செயலியின் கோர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆதலின் தேவைக்கு மேல் கோர்களை வாங்கிக் குவிப்பவர், இயந்திரத்துக்கு ஒருமுறையும் உரிமத்துக்கு ஆண்டுதோறும் விலை கொடுப்பர். மென்பொருளை மாற்றும் வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவதே விவேகம்.

கையெழுத்திடுவோர் கேட்க வேண்டியவை

பெரியோர்களே! இயந்திர நுட்பம் அறியாதவரும் கேட்கத்தக்க வினாக்கள் ஐந்து உண்டு. ஒரு பிளேடு விழுந்தால் எல்லாப் பணிகளும் எழுமா? ஒரு சேஸிஸ் விழுந்தால் எழுமா? சேமிப்பகம் விழுந்தால் வேறோர் இடத்தில் படி இருக்கிறதா? அந்தப் படியிலிருந்து கடைசியாக எந்த நாளில் மீட்டுப் பார்த்தீர்கள்? ஐந்து ஆண்டுகளில் உரிமத்துக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு எவ்வளவு? இவ்வைந்துக்கும் எழுத்தில் விடை பெறாமல் கையெழுத்திடாதீர்கள்.

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு சொல். விடுமுறை நாள் ஒன்றில், மேலதிகாரிகளின் ஒப்புதலோடு, ஒரு பிளேடை நிறுத்திப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் எவை எழுந்தன, எவை எழவில்லை என்று எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவ்வாறு செய்யுங்கள். புதிதாகச் சேரும் மெய்நிகர் இயந்திரங்கள், காப்புக்கென ஒதுக்கிய இடத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும் இயல்புடையவை. "ஒன்றே ஒன்று" என்று ஒவ்வொரு துறையாரும் கேட்பர். இடம் இருக்கிறதே என்று நீங்களும் தருவீர்கள். ஓராண்டில் ஆறு பிளேடும் நிறைந்து, ஒன்று விழுந்தால் தாங்காத நிலை வந்துவிடும். காலியாகத் தோன்றும் அந்த இடம் காலி அன்று. அது நிறுவனத்தின் சேமநிதி. அதனைத் தொட மறுக்கும் துணிவும் உங்கள் தொழிலின் ஒரு பகுதியாகும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு தரவு நிலையம் நின்றுபோனால் துன்புறுவது அந்நிறுவனம் மட்டுமன்று. சம்பளத்தை எதிர்நோக்கும் தொழிலாளியும், மருத்துவமனையில் காப்பீட்டு ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் குடும்பமும், ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும் நம் உறவினரும் துன்புறுவர். ஏடு காத்த முன்னோரின் வழியில் வந்த நாம், சேர்க்கும் திறத்தோடு பிரித்துக் காக்கும் ஒழுங்கையும் பேணுவோமாக.